தங்கத்தாளில் தொடங்கும் பாடம்: பர்மியத் தமிழ் மாணவர்களுக்கு அணு அமைப்பு, படிப்படியாக

மாண்டலேயில் தங்கத்தாள் அடிக்கும் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காதுதான் விழித்துக்கொள்ளும். துண்டுத் தங்கத்தை மூங்கில் தாள்களுக்கு இடையே அடுக்கி, தோலில் சுற்றிக் கட்டி, கனத்த சுத்தியலால் மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். நேரம் பார்க்கக் கடிகாரம் கிடையாது. அடியில் துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை ஒன்று தண்ணீரில் மிதக்கும். அது நிரம்பி மூழ்கினால் ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு. அப்படி அடித்தெடுத்த தாளைத்தான் மகாமுனி புத்தர் சிலைமேல் ஆண்கள் ஒட்டுகிறார்கள். மூச்சு பட்டாலே பறந்துவிடும்.

அணு அமைப்பைச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதெல்லாம் நான் இந்தத் தாளில்தான் தொடங்குகிறேன். பாடநூல்கள் பெரும்பாலும் வட்டத்தில் தொடங்குகின்றன. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் வட்டங்கள், வட்டங்களின்மேல் பொட்டு வைத்ததுபோல எலக்ட்ரான்கள். அந்தப் படத்தை நெட்டுருப் போட்ட பிள்ளை சோடியத்தை அச்சாக வரைந்துவிடும். மக்னீசியம் கேட்டால் விழிக்கும். நானும் அப்படி விழித்தவள்தான். ரங்கூனில் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு தேர்வுக்குச் சோடியம் வரும் என்று சொன்னார்கள், சோடியத்தை மட்டும் இருபது முறை எழுதிப் பார்த்தேன். வந்தது அலுமினியம். சோடியத்தையே எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உயர்நிலை வேதியியல் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியர் விளக்குவது பர்மிய மொழியில். வீட்டில் பேசுவது தமிழ். மூன்றுக்கும் நடுவில் பொருள் எங்கோ நழுவிவிடுகிறது. ஆகவே முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலச் சொற்களை அதன்மேல் ஒட்டுவது ஒரு வாரத்து வேலை.

முதல் படி: அணு எவ்வளவு சிறியது?

ஒரு தங்க மோதிரத்தை வெட்டிக்கொண்டே போனால், 'இதற்குமேல் வெட்டினால் இது தங்கமே இல்லை' என்ற எல்லை ஒன்று வரும். அந்தக் கடைசித் துணுக்குதான் தங்கத்தின் அணு. ஒரே வகை அணுக்களால் ஆன பொருள் தனிமம். தங்கம், செம்பு, கந்தகம், ஆக்சிஜன் ஆகியவை தனிமங்கள். தண்ணீரும் உப்பும் தனிமங்கள் அல்ல, வெவ்வேறு தனிமங்கள் சேர்ந்து உருவான சேர்மங்கள்.

இப்போது அளவைப் பார்ப்போம். நம் ஊர் நகைக்கடையில் தங்கத்தைக் கியாட்டாக் கணக்கில் நிறுப்பார்கள்; ஒரு கியாட்டா ஏறக்குறைய 16.3 கிராம். அதில் இருக்கும் தங்க அணுக்கள் சுமார் 5 × 10²². ஐந்துக்குப் பின்னால் இருபத்திரண்டு சுழியம். உலகத்தின் எண்ணூறு கோடிப் பேரும் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் விநாடிக்கு ஒன்றாக எண்ணினாலும் முடிக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆண்டு ஆகும்.

அதே தங்கத்தைத் தாளாக அடித்தால், பொதுவாக ஒரு தங்கத்தாளின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய தாளிலும் அணுக்கள் சில நூறு அடுக்குகளாக இருக்கின்றன. இந்தச் 'சில நூறு அடுக்கு' என்பதை மறக்க வேண்டாம், அடுத்த படியிலேயே தேவைப்படும்.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

1897 ஆம் ஆண்டு ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். எதிர்மின் சுமை உள்ள, அணுவைவிட மிக மிக இலேசான துகள். அணுவுக்குள் எதிர்மின் துகள் இருக்கிறது, ஆனால் அணு மொத்தத்தில் மின்சுமை அற்றது. அப்படியானால் அதைச் சமன் செய்யும் நேர்மின் சுமை எங்கே? அணு முழுவதும் பரவிக் கிடக்கிறது என்று தாம்சன் நினைத்தார். நம் வழக்கில் சொன்னால் ரவா கேசரி முழுதும் பரவிய நேர்மின்; அதில் ஆங்காங்கே பதித்த முந்திரி எலக்ட்ரான்.

அதைச் சோதித்தது தங்கத்தாள்தான். மான்செஸ்டரில் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகர், மார்ஸ்டன் என்ற இருவர் 1909 இல் மெல்லிய தங்கத்தாளின்மீது ஆல்ஃபா துகள்களை ஏவினார்கள். ஆல்ஃபா துகள் நேர்மின் சுமை உடையது, மிக வேகமானது. கேசரிக் கணக்கு சரியென்றால் எல்லாத் துகள்களும் லேசாகத் திசை விலகி மறுபுறம் போயிருக்க வேண்டும். பெரும்பாலானவை அப்படித்தான் போயின. ஆனால் பல ஆயிரங்களில் ஒன்று வந்த வழியே திரும்பியது.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். தேர்வில் அதிகம் கேட்கப்படும் இடம் இது; அதிகம் தவறாக எழுதப்படும் இடமும் இதுவே. 'ஆல்ஃபா துகள் எலக்ட்ரானில் மோதித் திரும்பியது' என்று எழுதுகிறார்கள். ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைவிட ஏழாயிரம் மடங்குக்குமேல் கனமானது. மாட்டு வண்டி கொசுவில் மோதித் திரும்புமா? அதைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் கனமும் நேர்மின் சுமையும் ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டும். நேர்மின்னை நேர்மின் தள்ளும். அந்தக் குவிந்த இடம்தான் அணுக்கரு. 1911 இல் ரூதர்ஃபோர்டு அதை வெளியிட்டார்.

விடையை இரண்டு கண்ணிகளாகக் கோத்து எழுதுங்கள். பெரும்பாலான துகள்கள் சில நூறு அடுக்குகளுக்குக் குறையாத அணுக்கூட்டத்தைத் தடையின்றித் தாண்டின, ஆகவே அணுவின் பெரும்பகுதி வெற்றிடம். வெகு சில மட்டும் திரும்பின, ஆகவே நேர்மின்னும் நிறையும் மிகச் சிறிய இடத்தில் அடைந்துள்ளன. நோக்கியது ஒன்று, அதிலிருந்து கொண்ட முடிவு ஒன்று. இரண்டையும் பிரித்து எழுதாத விடைக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

எவ்வளவு சிறிய இடம்? ஹைட்ரஜன் அணுவின் கருவை ஒரு கடுகாகப் பெரிதாக்குங்கள். அப்போது அந்த அணு தொண்ணூறு மீட்டருக்குமேல் அகலமாக இருக்கும். ஷ்வேடகோன் பகோடாவின் உயரம் சுமார் 99 மீட்டர். தரையிலிருந்து உச்சிக்குடை வரை ஓர் அணு, நடுவில் ஒரு கடுகு! கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்: அணுவின் நிறையில் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கடுகில்தான்.

மூன்றாம் படி: மூன்று துகள்கள்

இது சிறிய படி. புரோட்டான்: நேர்மின் சுமை ஒன்று, நிறை ஒன்று, இருப்பிடம் கரு. நியூட்ரான்: மின்சுமை இல்லை, நிறை ஏறக்குறைய ஒன்று, இருப்பிடம் கரு. எலக்ட்ரான்: எதிர்மின் சுமை ஒன்று, நிறை புரோட்டானில் 1836 இல் ஒரு பங்கு, இருப்பிடம் கருவுக்கு வெளியே. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லாததால் அது கடைசிவரை பிடிபடவில்லை. 1932 இல்தான் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தார்.

எல்லா ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சயாமா (ஆசிரியை), நேர்மின் நேர்மின்னைத் தள்ளும் என்றீர்களே, தங்கக் கருவில் எழுபத்தொன்பது புரோட்டான்கள் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன?" நல்ல கேள்வி. மிகக் குறுகிய தூரத்தில் மட்டும் செயல்படும், மின்விசையைவிட வலுவான இன்னொரு விசை அவற்றைப் பிணைக்கிறது. நியூட்ரான்களும் அந்தப் பிணைப்பில் பங்கு கொள்கின்றன. பெரிய கருக்களில் புரோட்டான்களைவிட நியூட்ரான்கள் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நான்காம் படி: எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பாடத்தின் முக்கால் பங்கு எண்ணுவதுதான். வட்டம் வரைவதற்கு முன் இதில் கை பழக வேண்டும்.

புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். தனிமத்தின் பெயரை முடிவு செய்வது இது ஒன்றே. 79 என்றால் தங்கம், 78 என்றால் பிளாட்டினம், 80 என்றால் பாதரசம். இதைச் சோதனையால் உறுதி செய்தவர் ஹென்றி மோஸ்லி, 1913 இல். இரண்டே ஆண்டில் கல்லிப்போலி போரில் இறந்துபோனார், வயது 27. அவரை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் நடத்த முடிவதில்லை.

புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் நிறை எண். ஆக, நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை. தங்கத்துக்கு 197 கழித்தல் 79, விடை 118.

நடுநிலை அணுவில் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சமம். சோடியம்: அணு எண் 11, நிறை எண் 23. புரோட்டான் 11, நியூட்ரான் 12, எலக்ட்ரான் 11. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாற்றம் அயனியில், அதாவது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏறிய அணுவில், வருகிறது. சோடியம் அயனிக்கு நேர்மின் சுமை ஒன்று என்றதும் 'கூட்டல்' குறியைப் பார்த்துப் பிள்ளைகள் எதையாவது ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள். சிலர் எலக்ட்ரானைக் கூட்டுகிறார்கள், சிலர் புரோட்டானையே கூட்டுகிறார்கள். புரோட்டானைக் கூட்டினால் அது பன்னிரண்டாகி மக்னீசியம் ஆகிவிடும்! வேதி வினையில் கருவை யாரும் தொடுவதில்லை. கைமாறுவது எலக்ட்ரான் மட்டுமே. எலக்ட்ரான் என்பது கடன் போன்றது: ஒரு கடன் போனால் கணக்கில் ஒன்று கூடும். எனவே சோடியம் அயனியில் புரோட்டான் 11, நியூட்ரான் 12, எலக்ட்ரான் 10. குளோரைடு அயனி கடன் ஒன்றை வாங்கிக்கொண்டது: புரோட்டான் 17, எலக்ட்ரான் 18, ஆகவே எதிர்மின் சுமை ஒன்று.

இப்போது விடையைக் கையால் மூடிக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள். அலுமினியத்தின் அணு எண் 13, நிறை எண் 27, அயனியின் சுமை நேர்மின் மூன்று. கந்தகத்தின் அணு எண் 16, நிறை எண் 32, அயனியின் சுமை எதிர்மின் இரண்டு. விடைகள்: அலுமினியத்துக்குப் புரோட்டான் 13, நியூட்ரான் 14, எலக்ட்ரான் 10. கந்தகத்துக்குப் புரோட்டான் 16, நியூட்ரான் 16, எலக்ட்ரான் 18. இரண்டும் சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரே பெயர், வேறு எடை

புரோட்டான் எண்ணிக்கை மாறாமல் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறினால் அவை ஐசோடோப்புகள். கார்பன் 12 இல் ஆறு நியூட்ரான்கள், கார்பன் 14 இல் எட்டு. எலக்ட்ரான்கள் அதேதான், ஆகவே வேதிப் பண்பும் அதேதான்.

குளோரினின் அணு நிறை 35.5 என்று அட்டவணையில் பார்த்ததும் 'அரை நியூட்ரானா?' என்று குழம்ப வேண்டாம். இயற்கையில் குளோரின் அணுக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 75 நிறை எண் 35 உடையவை, 25 நிறை எண் 37 உடையவை. 75 × 35 = 2625. 25 × 37 = 925. கூட்டினால் 3550, நூறால் வகுத்தால் 35.5. அது கூட்டத்தின் சராசரி. தனி அணு எதற்கும் அந்த நிறை கிடையாது. நிறை எண் எப்போதும் முழு எண்தான். பின்னம் வருவது சராசரியில் மட்டும்.

ஆறாம் படி: இப்போது வட்டம் வரையலாம்

1913 இல் நீல்ஸ் போர் சொன்னது இது: எலக்ட்ரான் நினைத்த இடத்தில் இருக்க முடியாது. குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்கும். அந்த மட்டங்களைக் கூடுகள் என்கிறோம். உள்ளிருந்து வெளியே கே, எல், எம், என் என்று பெயர்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காஸ் அடுப்பு நீலமாக எரியும்போது, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை உப்பைத் தீயில் தூவுங்கள். சட்டென்று மஞ்சள் பூக்கும். வெப்பம் சோடியத்தின் வெளி எலக்ட்ரானை மேல் மட்டத்துக்கு ஏற்றுகிறது. அது இறங்கும்போது இரு மட்டங்களின் வேறுபாட்டை ஒளியாக விடுகிறது. படிக்கட்டின் உயரம் மாறாததால் நிறமும் மாறாது. மோன் மாநிலத்துக் கடலோர உப்பானாலும் கடையில் வாங்கிய பாக்கெட் உப்பானாலும் அதே மஞ்சள்தான்.

ஒரு கூட்டில் அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான்? கூட்டின் எண்ணை அதனாலேயே பெருக்கி இரண்டால் பெருக்குங்கள்: 2, 8, 18, 32. நிரப்பும் முறை கோயில் அன்னதானப் பந்திபோல. முதல் பந்தி நிரம்பாமல் இரண்டாம் பந்திக்கு இலை விழாது. சோடியம் 2, 8, 1. மக்னீசியம் 2, 8, 2. குளோரின் 2, 8, 7. ஆர்கான் 2, 8, 8.

பொட்டாசியத்தில் பந்தி ஒழுங்கு குலைகிறது. அணு எண் 19. மூன்றாம் கூடு 18 வரை கொள்ளும் என்றோம், ஆகவே 2, 8, 9 என்று எழுதத் தோன்றும். சரியான விடை 2, 8, 8, 1. பல வகுப்புகளில் 'அப்படித்தான், மனப்பாடம் செய்' என்று இதைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் காரணம் அவ்வளவு கடினமானதே அல்ல.

ஏழாம் படி: கூட்டுக்குள் அறைகள்

ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் துணைக் கூடுகள் உண்டு. அவற்றை அறைகள் என்று வைத்துக்கொள்வோம். எஸ் அறை 2 எலக்ட்ரான்களைக் கொள்ளும், பி அறை 6, டி அறை 10. முதல் கூட்டில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், பி. மூன்றாவதில் எஸ், பி, டி. கூட்டிப் பாருங்கள்: 2, 8, 18. முந்தைய படியின் எண்கள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது தெரியும்.

பொட்டாசியத்தில் 3எஸ், 3பி நிரம்பிய பிறகு அடுத்தது 3டி அல்லவா? அந்த இடத்தில் 3டி அறையின் ஆற்றலைவிட 4எஸ் அறையின் ஆற்றல் குறைவு. எலக்ட்ரான் குறைந்த ஆற்றல் உள்ள அறையைத்தான் முதலில் தேடும். ஆகவே பத்தொன்பதாவது எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குப் போகிறது, கால்சியத்தின் இருபதாவதும் அங்கேதான். 21 ஆம் எண்ணான ஸ்காண்டியத்திலிருந்துதான் 3டி நிரம்பத் தொடங்குகிறது. நிரப்பும் வரிசை: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி.

இந்த இடத்தில் நீங்கள் வரைந்த வட்டங்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எலக்ட்ரான் வட்டப் பாதையில் சுற்றுவதில்லை. 1926 இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு தருவது, எலக்ட்ரான் எங்கே எவ்வளவு வாய்ப்போடு காணப்படும் என்ற மேகம் போன்ற பரப்பைத்தான். அதற்குப் பெயர் ஆர்பிட்டால். எஸ் ஆர்பிட்டால் உருண்டை, பி ஆர்பிட்டால் இரு பக்கமும் உப்பிய உடுக்கை. வட்டப் படம் எண்ணிக்கைக்கு உதவும் கணக்குப் பலகை, அவ்வளவே.

டி அறைக்கு நம் நாட்டிலேயே ஓர் அழகான சாட்சி இருக்கிறது: மோகோக் மாணிக்கம். மாணிக்கத்தின் பெரும்பகுதி அலுமினியம் ஆக்சைடு, அது தூய்மையாக இருந்தால் நிறமற்றது. சில அலுமினியம் அயனிகளின் இடத்தில் குரோமியம் அயனிகள் உட்கார்ந்துகொள்வதால்தான் சிவப்பு வருகிறது. குரோமியம் அயனியில் மிஞ்சியிருக்கும் மூன்று 3டி எலக்ட்ரான்கள் ஊதாவையும் பச்சையையும் விழுங்கிவிடுகின்றன. சிவப்பு தப்பி வருகிறது. குரோமியம் தேர்வுக்கும் பிடித்த தனிமம். அணு எண் 24, நாம் எதிர்பார்க்கும் முடிவு 3டி⁴ 4எஸ்², உண்மையில் 3டி⁵ 4எஸ்¹. அடுத்து செம்பு, 3டி¹⁰ 4எஸ்¹. உங்கள் பாடத்திட்டத்துக்கு இந்த இரண்டு விலக்குகள் போதும்.

எட்டாம் படி: எண்ணிக்கையிலிருந்து குணம்

வெளிக் கூட்டில் எட்டு இருந்தால் அணு அமைதியாக இருக்கும். நியான், ஆர்கான் அப்படி. மற்றவை அந்த எட்டை எட்டப் பார்க்கின்றன. சோடியத்துக்கு ஒன்றை விடுவது எளிது, குளோரினுக்கு ஒன்றை வாங்குவது எளிது. இருவரும் சந்தித்தால் கைமாற்று நடக்கிறது, நேரும் எதிரும் ஈர்த்துக்கொள்கின்றன, உப்பு பிறக்கிறது. தனியாக இருந்தால் சோடியம் தண்ணீரில் பட்டதும் சீறி எரியும், குளோரின் நச்சு வாயு. சேர்ந்தால் ரசத்தில் போடுகிறோம்.

தனிம வரிசை அட்டவணையையும் இப்போது திரும்பப் பாருங்கள். கூடுகளின் எண்ணிக்கை கிடைவரிசையைச் சொல்லும். வெளி எலக்ட்ரான்கள் தொகுதியைச் சொல்லும். 2, 8, 2 என்றால் மூன்றாம் வரிசை, இரண்டாம் தொகுதி, மக்னீசியம். முதல் இருபது தனிமங்களுக்கு ஒரு சீட்டுக்கட்டு செய்யுங்கள். ஒரு பக்கம் தமிழ்ப் பெயரும் அணு எண்ணும், மறு பக்கம் ஆங்கிலப் பெயரும் கூட்டமைப்பும். குறியீட்டுக்கும் பெயருக்கும் பொருந்தாமல் தோன்றினால் லத்தீன் பெயரையும் எழுதி வையுங்கள். சோடியத்துக்கு நேட்ரியம், பொட்டாசியத்துக்குக் காலியம், தங்கத்துக்கு அவுரம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டைக் காட்டிக் கேட்டால் ஒரு மாலையில் இருபதும் படிந்துவிடும்.

போன ஆண்டு இந்தச் சீட்டாட்டத்தின் நடுவில் ஒரு சிறுமி தன் காதுத் தோட்டைத் தொட்டுக்கொண்டே, "சயாமா, வெள்ளி வெள்ளையாக இருக்கிறது, பிளாட்டினமும் வெள்ளை, தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்?" என்றாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. ஆனால் எட்டுப் படியும் ஏறிய பிள்ளைக்கு விடை புரியும். தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்கள். அந்த இழுப்பில் உள் எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் பாதிக்குமேல் பாய்கின்றன. அவ்வளவு வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை குறுக்கே வருகிறது. எஸ் அறைகள் சுருங்குகின்றன, 5டி அறைக்கும் 6எஸ் அறைக்கும் இடையே உள்ள படியின் உயரம் குறைகிறது. வெள்ளியில் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் இருக்கிறது. தங்கத்தில் அது நீலம்வரை இறங்கிவிட்டது. நீலத்தைத் தங்கம் விழுங்கிவிடுகிறது, மிச்சமிருப்பதுதான் மகாமுனியின் மஞ்சள்.